கைத்தலம்

புரட்டாசி பிறந்து மகாளய அமாவாசை நெருங்குகிற நாட்களில், பரண்மேலிருந்து கொலுப்பெட்டியை இறக்கி, பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிவைத்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது, நான் முதலில் பார்ப்பது முகத்தை அன்று, கையைத்தான். முகம் பெரும்பாலும் தப்பிவிடும். மூக்கு நுனியில் கொஞ்சம் வர்ணம் உதிர்ந்திருக்கும், கிரீடத்தில் ஒரு கண்ணாடிக்கல் கழன்றிருக்கும், அவ்வளவே. ஆனால் ஓராண்டுக் காலம் இருட்டிலே, வைக்கோலுக்கும் துணிக்கும் நடுவே, அசையாமல் படுத்துக் கிடந்த பொம்மை, எப்படியோ ஒரு விரலையாவது இழந்துவிட்டுத்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. மண்ணுக்கும் மனிதருக்கும் இதில் பேதமில்லை போலும். உடம்பில் எல்லாவற்றுக்கும் முன்னே நீட்டப்படுவது கை. ஆகவே முதலில் அடிபடுவதும் அதுவே.

எங்கள் கொலுவில் நடுப்படி மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு உரியது. என் தாயார் புதுமணப் பெண்ணாக மதுரைக்கு வந்த வருஷத்தில் விளாச்சேரியில் வாங்கிய செட் அது. ஒரே பலகைமேல் மூன்று உருவங்கள்: சுந்தரேசுவரர், மீனாட்சி, தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் அடி உயரம். இந்தக் காட்சியைக் கோயிலுக்குள் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் கல்லாகக் காணாத மதுரைக்காரர் இருக்க முடியாது. சித்திரைத் திருவிழாவில் கன்னிகாதானம் செய்து வைக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் எழுந்தருளுவதும், அந்தக் குன்றத்துக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் வேளார்கள் வீட்டுக்கு வீடு அதே கல்யாணத்தை மண்ணில் செய்து வெயிலில் உலர்த்தியிருப்பதும், தற்செயல் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சில வருஷங்களுக்கு முன் பெட்டியைத் திறந்தபோது, பச்சை வர்ணம் பூசிய அந்த மணப்பெண்ணின் வலக்கை மணிக்கட்டோடு போயிருந்தது. ஒட்டவைக்கத் துண்டு கிடைக்குமா என்று துணியை உதறிப் பார்த்தேன். சிவப்புப் பொடிதான் விழுந்தது. சுந்தரேசுவரர் நீட்டிய உள்ளங்கை வெறுமையாக நின்றது. அதன்மேல் பெருமாள் கெண்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். மணமகளின் கை ஒன்று இல்லாமற்போனதால் மூவருமே காரியமற்றுப் போனார்கள்.

ஒழுகும் குழாயை அடைக்க வாங்கிவைத்த எம்-சீல் பொட்டலம் ஒன்று வீட்டில் இருந்தது. வெளிர் நிறத்தில் ஒரு கட்டி, கறுப்பில் ஒரு கட்டி. தனித்தனியே இருக்கும்வரை மாதக்கணக்கில் சும்மா கிடப்பவை. இரண்டையும் சமமாக எடுத்து, வரிவரியாகத் தெரியும் நிறங்கள் ஒரே சாம்பல் நிறமாகும்வரை பிசைந்துவிட்டால், அப்புறம் அவற்றைப் பிரிக்கப் பிரம்மதேவனாலும் ஆகாது. பிசைந்த கணத்திலிருந்து நாழிகை ஓடத் தொடங்குகிறது. மதுரை வெயிலில் அரைமணி, மிஞ்சினால் முக்கால் மணி. அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அது கல்.

ஐந்து விரல் வேண்டுமல்லவா? ஐந்து திரிகளை உருட்டினேன். சேவை இழைபோல மெல்லியதாக உருட்டுவதற்குள் கைவியர்வையில் அவை வளைந்தும் நெளிந்தும் போயின. ஒரு சிறு தட்டையை உள்ளங்கையாக்கி, அதன் விளிம்பில் ஐந்தையும் வரிசையாக ஒட்டினேன். எண்ணிப் பார்த்தேன், ஐந்தும் இருந்தன. நீளங்கள்கூட அவற்றுக்குரிய ஏற்றத்தாழ்வோடு சரியாகவே இருந்தன. அதைக் கொண்டுபோய் மீனாட்சியின் மணிக்கட்டில் பொருத்திவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தபோது, என் நெஞ்சு சுருங்கிற்று. சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியின் பாதம் அது. அம்மையின் திருக்கையில் அதை ஒரு நிமிஷமும் விட்டுவைக்க மனம் ஒப்பாமல், இறுகுமுன்னே பெயர்த்தெடுத்துவிட்டேன்.

மறுநாள், பெயர்த்த கையை ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, விளாச்சேரிக்குப் போனேன். புரட்டாசியில் அந்தக் கிராமம் முழுவதும் தெய்வங்கள் திண்ணைக்கு வந்துவிடுகின்றன. தலைமட்டும் வர்ணம் பெற்ற முருகர்கள், இன்னும் வெள்ளைப் பூச்சிலேயே நிற்கும் தசாவதாரம், காகிதக்கூழில் வார்த்து வயிறு காய்ந்துகொண்டிருக்கும் செட்டியார்கள். ஆவணிக்குப் பிள்ளையார், புரட்டாசிக்குக் கொலு, மார்கழிக்குக் கிறிஸ்துமஸ் குடில் என்று ஆண்டு அங்கே பொம்மைகளால் பங்கிடப்பட்டிருக்கிறது. வாசலில் அமர்ந்து மண் பிசைந்துகொண்டிருந்த ஒரு முதியவரிடம் தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை, குனிந்து பார்த்தார்.

“தம்பி, நீங்க வெரலு செஞ்சிருக்கீக. கை செய்யல.”

நான் விழித்தேன். அவர் சிரிக்கவில்லை. “இந்தக் கை என்ன வேல செய்யுது? அதச் சொல்லுங்க மொதல்ல” என்றார்.

“ஐயா, சாமி கையில இருக்கிற கை. கல்யாணத்துல.”

“பிடிச்சிருக்கா, குடுத்திருக்கா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்தப் பொம்மையை ஆண்டுதோறும் துடைத்து வைத்தவன் நான். ஆனால் அம்மையின் கை இறைவன் கையைப் பிடிக்கிறதா, அல்லது அவன் கையில் தன்னை வைக்கிறதா என்று ஒருமுறையேனும் பார்த்ததில்லை. அவர் காத்திருக்கவில்லை. புளியங்கொட்டை அளவு மண்ணைக் கிள்ளி எடுத்தார். உள்ளங்கையில் ஒரே உருட்டு. ஒரு முனையை விரலால் அழுத்தியதும் அது சிறிய அகப்பையாயிற்று. விரல் ஒன்றுகூட இன்னும் பிறக்கவில்லை. அந்த அகப்பையை மணிக்கட்டில் லேசாகத் தாழ்த்தினார். பிறகு, உள்ளே ஒரு துளி நீர் நிற்கிற அளவுக்குக் குழித்தார். அப்போதே அது கையாகிவிட்டது. விரலில்லாத அந்த மண்கட்டி, எதையோ பெற்றுக்கொள்ளவும் எதையோ கொடுக்கவும் ஒருங்கே சம்மதித்துச் சாய்ந்திருந்தது. அதன் பின்னரே ஈர்க்கை எடுத்து, ஓர் ஓரத்தில் ஒரு வெட்டு, பெருவிரல் பிரிந்தது. மற்றொரு புறத்தில் மூன்று கோடுகள், அவ்வளவே. சுட்டுவிரலைச் சற்றே நீட்டி, சுண்டுவிரலை ஒரு நூலளவு மேலே தூக்கிவிட்டார். நடுவிலுள்ள இரண்டையும் தொடவேயில்லை.

“நடு ரெண்டும் அண்ணந்தம்பி, பிரியாது. ஓரத்து ரெண்டும்தான் பேசும்” என்றார்.

என் கையை நானே தூக்கிப் பார்த்தேன். எதையும் எண்ணாமல் தொங்கவிட்ட கையில், நடுவிரலும் மோதிரவிரலும் உண்மையாகவே சேர்ந்தே இருந்தன. நாற்பது வருஷம் இந்தக் கையை உடன் வைத்துக்கொண்டு திரிந்தவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து, எங்கே சிற்பத்தைக் கண்டாலும் கையில்தான் என் கண் போய் நிற்கிறது. ஒவ்வொரு பொருளும் கைக்கு ஓர் எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள்தான் அதை வாழவிடுகிறது என்பது சிறிது சிறிதாகப் புலப்பட்டது. மண்பொம்மையின் கை ஏன் எப்போதும் மார்போடும் இடுப்போடும் அணைந்தே இருக்கிறது? பக்தியினால் மட்டும் அன்று. இரு பாதியாக உள்ள அச்சில் மண்ணை அழுத்தி எடுக்கும்போது, முன்னே நீண்டு வளைந்த கை அச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஆகையால் அதைத் தனியே செய்து, குழைந்த மண்ணால் பின்னர் ஒட்டவேண்டும். ஒட்டினாலும், உடம்பு ஈரமாயிருக்கும்போதே மெல்லிய விரல் உலர்ந்து சுருங்கிவிடுவதால், ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். அதற்கும் தப்பினால் சூளை. சூளைக்கும் தப்பினால் வண்டிப் பயணம். அதற்கும் தப்பினால் என்னைப் போன்றவர்களின் கொலுப்பெட்டி. கல்லில் வேலை செய்கிறவனோ, விரலுக்கும் உடலுக்கும் இடையே ஒரு சிறு கல்லைப் பாலமாக விட்டுவைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. எட்டத்தில் நிற்பவன் கண்ணுக்கு அது தெரியாது.

சுதையின் வழி வேறு. ஆடி வீதியில் மாலை வெயில் சாயும் நேரத்தில் நின்று, 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால், அங்கே நெருக்கியடித்து நிற்கும் 1,500-க்கு மேற்பட்ட சுதை உருவங்களின் முகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மயங்கிவிடுகின்றன. மயங்காமல் நிற்பவை கைகளே. நான்கும் எட்டும் பத்துமாக அவை விரிந்திருப்பதனால், அந்தக் கோபுரம் உருவங்களால் அன்றிக் கைகளாலேயே கட்டப்பட்டது போலத் தோன்றும். செங்கல்லை உள்ளுடலாக வைத்து, நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்தரைத்த காரையை மேலே ஏற்றிச் செய்யும் வேலை அது. செங்கல்லால் விரல் செய்ய முடியாது. விரலுக்குக் கம்பி வேண்டும். அந்தக் கம்பி இரும்பாயிருந்தால், மழைநீர் உள்ளிறங்கித் துருவேறி, பருத்து, சுதையை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். செம்பாயிருந்தால் அந்தத் தீங்கு இல்லை. கும்பாபிஷேகத்துக்கு முன் சாரம் கட்டிக் கோபுரத்தில் ஏறும் ஸ்தபதிகளுக்கு விரல் சீர்செய்வதே ஒரு பெரிய வேலையாக இருந்திருக்கும் என்று, 2009 ஏப்ரலில் நடந்த கும்பாபிஷேகத்தை நினைக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன். என் ஒரு கைக்கே அவ்வளவு பாடு.

கைகளில் நான் எல்லாவற்றிலும் மேலாக வியப்பது செப்புத் திருமேனியில் அம்மைக்கு அமையும் கடக ஹஸ்தத்தை. மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சிய குழம்பில் சுவாமிமலை ஸ்தபதிகள் அவயவங்களைத் தனித்தனியே வனைந்து, சூடேற்றிய கருவியால் இணைக்கும்போது, அந்தக் கையின் விரல்களை வளையமாக மடக்கி நடுவே ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அவர்கள் செய்து முடிப்பது பூவில்லாத கை. பூவைக் கொண்டுவந்து அந்த வெற்றிடத்தில் செருகுகிறவர் அர்ச்சகர். அதுவும் தினம் ஒரு புதுப் பூ. சிற்பி வனைந்தது விரல்களைத்தான் என்று சொல்லுவது எவ்வளவு குறைவான பேச்சு! விரல்களுக்கு இடையே, நாளை வரப்போகும் ஒரு பூவின் காம்புக்கு அளவாக, அவன் ஓர் இடத்தை வனைந்தான். அந்த இடத்தைச் சுற்றி விரல்கள் தாமாக வந்து அமர்ந்தன.

நம்முடைய பழைய நூல்களும் கையை இந்த வழியிலேதான் வகுத்தன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை எழிற்கை என்றும் தொழிற்கை என்றும் பேசுகிறது. அடியார்க்கு நல்லார் தம் உரையில் ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15 என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எந்த விரல் மடங்க எந்த விரல் நிமிரும் என்று நிதானமாக எழுதிச் செல்லுகிறார். விரலைப் பற்றிய அந்த நுட்பமெல்லாம், கை எதற்காக எழுந்தது என்ற கேள்வி முடிந்த பிறகே வருகிறது. சிற்ப சாஸ்திரத்திலோ அளவே கையிலிருந்து பிறக்கிறது. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள நீளம் ஒரு தாலம். முகத்தின் நீளமும் அதுவே. அது 12 அங்குலம். அங்குலம் ஒன்றுக்கு 8 யவம். பெருந்தெய்வங்களுக்கு உரிய தசதாலத்தை விட்டு, எளிய நவதாலக் கணக்கை வைத்துக்கொண்டாலும், உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு கை. எங்கள் வீட்டு மீனாட்சிக்கு அது ஏறக்குறைய ஓர் இஞ்சு. முதல்முறை நான் செய்த கையும் ஓர் இஞ்சுதான். பிரமாணம் தவறவில்லை, ஜீவன்தான் தவறிற்று.

இதே பசையோடும் இதே கையோடும் உலகத்தின் மறுகோடியில் சிலர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நான் பின்னரே அறிந்தேன். மேசைமேல் சிறு படைவீரர்களை நிறுத்தி, பகடை உருட்டி, யுத்தம் நடத்தும் விளையாட்டு அது. ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இலேயே பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடும் யுத்த விளையாட்டு ஒன்றுக்கு விதிகள் வகுத்து ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இன்றைய மேசை வீரர்களில் பலர் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரத்தவர். நவதாலக் கணக்கில் அவர்களுடைய கை 3 மில்லிமீட்டர், மிளகளவுகூட இராது. அவ்வளவு சிறிய கை கண்ணுக்கே தெரியாதாகையால், தலையையும் கையையும் வேண்டுமென்றே பெரிதாக்கிச் செய்யும் சம்பிரதாயம் ஒன்று அவர்களிடத்தில் உண்டு. அவர்களும் இரு பகுதிப் பசையைத்தான் பிசைகிறார்கள்: ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், சேர்ந்தால் பச்சை. விரல் ஒட்டாமலிருக்க எங்கள் வீட்டில் நான் தண்ணீரைத் தொட்டுக்கொள்வது போலவே அவர்களும் கருவியை ஈரமாக்கிக்கொள்கிறார்கள். கையை முதலில் செய்து, பிறகு ஈட்டியைத் திணிக்க முயன்றால் விரல் நசுங்கிப் போகும். ஆகவே ஈட்டியாகப்போகும் கம்பியை முதலில் நிறுத்தி, அதைச் சுற்றிப் பசையைப் பொதிந்து, கடைசியில் மூன்று கோடு கிழிக்கிறவர்கள் அவர்களிலும் உண்டு. விளாச்சேரி முதியவர் அவர்களைக் கண்டதில்லை. அவர்களும் அவரைக் கண்டதில்லை. ஆயினும் இருவர் கையிலும் விரல் கடைசியில்தான் வருகிறது.

பிடித்த கை எளிது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ போகும் சாலைகளில், வயலோரத்தில் அரிவாளோடு நிற்கும் கருப்பசாமியின் முஷ்டியைப் பாருங்கள். எவ்வளவு பெரிதாயிருந்தாலும் அதில் சிற்பிக்குச் சந்தேகமே இருந்திருக்காது. அரிவாள் கைக்கு அதன் காரியத்தைச் சொல்லிவிடுகிறது. திறந்த கையோ கடினம். அதனினும் கடினம், இன்னொரு கையின்மேல் வைத்த கை. அது பிடித்தால் அதிகாரமாகிவிடும்; பிடிக்காமல் கிடந்தால் உயிரற்றுவிடும். இறுகவும் கூடாது, நழுவவும் கூடாது என்ற அந்த ஒரு நூலிழையில்தான் கல்யாணமே நிற்கிறது. கம்பத்தடி மண்டபத்துத் தூணை அதற்கப்புறம் நான் பார்த்த பார்வையே வேறு. அம்மையின் நாணத்தை அந்தச் சிற்பி குனிந்த முகத்தில் மட்டும் வைத்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை, மணிக்கட்டிலும் வைத்திருக்கிறான்.

கொலு வைப்பதற்கு முதல் நாள் இரவு, எல்லோரும் உறங்கிய பின், மீண்டும் உட்கார்ந்தேன். அம்மையின் முன்கையில் மெல்லிய துளை ஒன்று போட்டு, செம்புக் கம்பித் துண்டைச் செருகினேன். பசையைப் பிசைந்தேன். இம்முறை புளியங்கொட்டை அளவுதான். கம்பியின் நுனியில் அதைப் பொதிந்து, அகப்பையாக்கி, சுந்தரேசுவரரின் உள்ளங்கையில் சிறிது விளக்கெண்ணெய் தடவிவிட்டு, அதன்மேல் அப்படியே சாய்த்து வைத்தேன். அங்கே வைத்ததும், என் பிரயத்தனம் ஒன்றுமில்லாமலே, அந்தப் பசை அவர் கையின் குழிவுக்கு ஏற்பத் தன்னைத் தாழ்த்திக்கொண்டது. சிறிது நேரம் நான் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பசை இறுகிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். இருந்தும் தொட மனம் வரவில்லை. களிமண்ணாயிருந்தால் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். நெருப்பைக் காணும்வரை மண் எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிக்கும். இந்தப் பசைக்கு அந்தப் பொறுமை இல்லை. அது அன்றிரவு எனக்குக் கொடுத்தது அரைமணி நேரக் கவனம் மாத்திரமே. அந்த அரைமணியில் நான் வேறொன்றையும் நினைக்கவில்லை என்பதை இப்போது எண்ணினாலும் நிறைவாயிருக்கிறது.

ஈர்க்கை நனைத்து ஒரு வெட்டு. பிறகு மூன்று கோடுகள்; மூன்றாவது சற்றே கோணிற்று; அதை அப்படியே விட்டேன். சுண்டுவிரலை ஊசி நுனியால் ஒரு நூலளவு தூக்கினேன். நடு இரண்டையும் தொடவில்லை.

விடியற்காலையில் தட்டிப் பார்த்தேன், இறுகியிருந்தது. பச்சை வர்ணம் வாங்க நேரமில்லை. கடை திறப்பதற்குள் படி கட்டிக் கலசம் வைத்தாக வேண்டும். நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சையாகும் அந்தச் சீமைப் பசை கிடைத்திருந்தால் மரகதவல்லிக்குத் தனியே வர்ணமே வேண்டியிருந்திராது என்று பிற்பாடு தோன்றிற்று. அந்த வருஷம் ஒன்பது நாளும் அம்மை பச்சை மேனியில் ஒரு சாம்பல் நிறக் கையோடு நின்றாள். மூன்றாம் நாள் சுண்டல் வாங்க வந்த அடுத்த வீட்டுச் சிறுமி, எல்லாப் படியையும் பார்த்துவிட்டு நடுப்படிக்கு வந்து, வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தாள். நிறத்தைப் பற்றித்தான் கேட்பாள் என்று விடையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. தன் வலக்கையை மெல்ல முன்னே நீட்டி, மணிக்கட்டைத் தாழ்த்தி, சுண்டுவிரலைக் கொஞ்சம் தூக்கி, அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.